மாப்பிள்ளை பிடித்த கதை

இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. அவன் பேசாமல் இருந்துகொள்வான். நன்றாகத் தெரிந்தவனாலும் ஆபத்து இல்லை. ஒரே ஒரு வார்த்தை தெரிந்தவன் இருக்கிறானே, அவனைக் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் வைத்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் வைத்திருந்தார்கள். அது நான்தான்.

நான் காப்பி எஸ்டேட்டில் வாட்ச்மேன். ஏழாவதோடு நின்றவன். (ஃபெயில் என்று எழுத வேண்டாம் என்கிறாள் லூர்து. லூர்து என் சம்சாரம்.) அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தோட்டத்தில் பேச ஆளும் இல்லை. மிளகுக் கொடியிடம் என்ன பேசுவது?

எனக்குத் தெரிந்த அந்த ஒரு வார்த்தை ‘கேட்ச்’. கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேனேஜர். குடகுக்காரர். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் காலம் தள்ளினோம். மிளகு பழுக்கிற காலத்தில் திருடர்கள் வருவார்கள். ஆளையும் மூட்டையையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு அவருக்குப் போன் போடுவேன். “கேட்ச் சார்” என்பேன். ஜீப்பில் வந்து இறங்குவார். திருடன் தலையைத் தொங்கப்போட்டு நிற்பான். “குட் கேட்ச், சவரி” என்று என் முதுகில் தட்டுவார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

நான் பிடிக்கிற விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேண்டியிருக்கும். சத்தமில்லாமல் ஆளுக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்து, பிடரியில் கோத்துப் பூட்ட வேண்டும். அப்புறம் அவன் திமிர முடியாது. கை இரண்டும் கோழி இறக்கை மாதிரி மேலே நிற்கும்.

எங்களுக்கு ஒரே மகள், ஜெசிந்தா. பெங்களூரில் நர்ஸ். ஒரு நாள் போனில், “அப்பா, ஒருத்தரப் புடிச்சிருக்குதுங்கப்பா” என்றாள். நான் திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். (வேலை அப்படி.) அப்புறம் லூர்து போனைப் பிடுங்கிப் பேசியதில் விஷயம் தெரிந்தது. பையன் பெயர் பிரவீன். கம்ப்யூட்டர் வேலை. தமிழ்க் குடும்பம்தான், நம் சபைதான். அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும்தான். அந்த மாமா சரி என்றால் சரி, அவர் வேண்டாம் என்றால் பையனின் அம்மா அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டார்.

“அவங்க நக, நட்டு எதுவும் கேக்க மாட்டாங்கப்பா. உங்களப் பாத்துட்டுப் போகணுமாம். அவ்வளவுதான்.”

“ம்.”

“மாமா இங்கிலீஷ் கலந்து பேசுவாரு. புரியலைன்னா சும்மா சிரிங்க.”

“ம்.”

நான் சிரிக்கிற ஆள் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். லூர்து அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “பல்லு வலிக்குதுங்களா?” என்றாள்.

அவர்கள் வருகிற அன்று காலையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடிந்திருந்தது. சர்ச்சிலிருந்து நாற்காலி வந்தது. தோட்டத்து ஆரஞ்சு வந்தது. எங்கள் பக்கத்துக்கு இங்கிலீஷ் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று எஸ்டேட் ரைட்டர் பழனிசாமியைக் கூப்பிட்டேன். ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதுகிறவர். வடை சுற்றி வருகிற இங்கிலீஷ் பேப்பரைக்கூட எண்ணெயோடு விரித்து வைத்துப் படிப்பார். எங்கள் கிளியூரில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு காரியமும் செய்தேன். எங்கள் வீட்டுப் பின்னாலிருக்கிற கொடியில் காய்த்த நல்ல மிளகாகப் பார்த்து ஒரு மஞ்சள் பையில் கட்டி, போகும்போது அவர்களிடம் கொடுக்கலாம் என்று அடுக்களை ஆணியில் மாட்டினேன். (எஸ்டேட் மிளகு இல்லை. வாட்ச்மேன் என்றால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.) அது விருந்தாளிகளுக்கு என்று லூர்துவிடம் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொன்னேன்?

மத்தியானம் கார் வந்தது. அன்றைக்கென்று மலை முழுக்கப் பனிமூட்டம். கூடவே தூறல். பையன் அரைக்கைச் சட்டையோடு இறங்கி, முற்றத்தில் நின்று காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம். நல்ல முகம். அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார்.

“பிரவீன், உள்ள வா. யூ வில் கேட்ச் எ கோல்டு!”

எனக்குத் தெரிந்த வார்த்தை வந்துவிட்டது. காதை நிமிர்த்தினேன். கேட்ச் என்றால் பிடி. கோல்டு எனக்குத் தெரியாதா? சேலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கோல்டு லோன், கோல்டு கவரிங் என்றுதான் போர்டு. தங்கம்.

உள்ளே வா. தங்கத்தைப் பிடி.

பையனின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “இவனுக்கு எப்பவும் சட்டுனு பிடிச்சுக்குங்க. போன வருஷம் ஊட்டிக்குப் போனப்பவும் அப்படித்தான். பிடிச்சது விடவே இல்ல.”

நான் சிரித்தேன். சொல்லிக்கொடுத்தபடி.

உள்ளே அவர்களை உட்காரவைத்துவிட்டு ரைட்டரைப் பக்கத்து வாழைமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“ரைட்டரே, கேட்ச் கோல்டுன்னா என்னங்க?”

“தங்கத்தப் புடிங்கறதுங்க.”

“வேற அர்த்தம் இருக்குதுங்களா?”

“இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தந்தானுங்க. நம்ம பாஷையாட்ட கொழப்பமெல்லாம் கெடையாது.”

“ஊட்டியிலயும் புடிச்சிருக்கறாருங்க. விடவே இல்லியாம்.”

ரைட்டர் வாழையிலையைப் பார்த்தபடி யோசித்தார். “அப்பத் தொழிலே அதுதானாட்ட இருக்குதுங்க, சவரி.”

பயம் வந்தால் எனக்கு வியர்க்காது. காது மட்டும் சூடாகும். சூடான காதோடு அடுக்களைக்குப் போனேன். லூர்து கழுத்தில் ஒரு சங்கிலி கிடந்தது. எங்கள் வீட்டில் இருந்த தங்கம் அவ்வளவுதான். ஜெசிக்குப் போடுவதற்கென்று வைத்திருந்தது.

“கழட்டு.”

“ஏனுங்க?”

“கழட்டி ஒளிச்சு வெய்யி. தங்கம் புடிக்க வந்திருக்கறாங்க.”

“ஆரு சொன்னது?”

“அவங்களேதான். இங்கிலீஷ்ல.”

லூர்து இங்கிலீஷுக்கு மரியாதை கொடுக்கிறவள். கழற்றினாள். ஜெசி உள் அறையில் சேலை கட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் இதை எழுத வேண்டிய வேலையே இல்லை. கேட்கவில்லை. பெண் சேலை கட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கட்டிக்கொள்ளப் போகிறவர்களைப் பற்றி என்னவென்று கேட்பது?

திரும்பி வந்தால் மாமா நாற்காலியில் இல்லை. எங்கள் வீட்டில் போன் சிக்னல் பலாமரத்தடியில் மட்டும்தான் கிடைக்கும். அங்கே நின்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

“நோ, நோ, ஐ டிடின்ட் கேட்ச்! … வாட்? … டிடின்ட் கேட்ச் எனிதிங்!”

நான் ரைட்டரைப் பார்த்தேன். ரைட்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“டிடின்ட்னா இல்லைங்கறது. எனிதிங்னா எதுவுமே. கேட்ச்னா புடிக்கறது. சேத்துப் பாருங்க.”

சேர்த்துப் பார்த்தேன். எதுவுமே பிடிக்கவில்லை.

சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தேன். ஜெசி கண்ணுக்குள் வந்தாள். இந்த மனுஷன் வேண்டாம் என்றால் அதோடு போச்சு என்று அவளே சொல்லியிருக்கிறாள். இவரோ வந்து இன்னும் காப்பிகூடக் குடிக்கவில்லை. பெண்ணையே பார்க்கவில்லை. அதற்குள் ஊருக்கெல்லாம் போன் போட்டு எதுவுமே பிடிக்கவில்லை என்கிறார். பிடிக்கவில்லை, ஆனால் தங்கத்தை மட்டும் பிடிக்க வேண்டுமாம்.

“இன்னொண்ணுங்க. இப்ப ‘கேட்ச் யூ லேட்டர்’ங்கறாரு” என்றார் ரைட்டர்.

“அப்படின்னா?”

“அப்பறமா புடிச்சுக்கறேன்னு.”

இத்தனையும் கேட்ட பிறகு ஒரு மனுஷன் சபையில் போய் உட்காருவது லேசு இல்லை. போய் உட்கார்ந்தேன். கேசரி வந்தது. வடை வந்தது. மாமா வடையைச் சாப்பிட்டுவிட்டு என்னவோ கேட்டார். சிரித்தேன். பையனின் அம்மா, “உங்களுக்கு உடம்பு சரியில்லைங்களா?” என்று கேட்டார். அதற்கும் சிரித்தேன்.

ஜெசி காப்பித் தட்டோடு வந்தாள். ஒவ்வொருவருக்காக நீட்டினாள். கை நடுங்கவில்லை. ஊசி போடுகிற கை. பையனின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலையைப் பற்றிக் கேட்டார். இவள் அடக்கமாகப் பதில் சொன்னாள். எனக்கே நெஞ்சு நிறைந்தது. அந்த நேரத்தில் மாமா தங்கை பக்கம் சாய்ந்து, என் மகளைக் கண்ணால் காட்டி, மெதுவாகச் சொன்னார்.

“குட் கேட்ச்.”

நான் எத்தனையோ தரம் கேட்ட சொல். எந்தத் தலைக்கு மேலே நின்று அதைச் சொல்வார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முன்னால் தலை குனிந்து ஒரு ஆள் நிற்பான். பக்கத்தில் மூட்டை இருக்கும். இங்கே என் மகள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். திருடி. பணக்காரப் பையனை வளைத்துப் பிடித்த திருடி. அதைத்தான் சொல்கிறார்.

எழுந்தேன். கை கால் அதுவாக என்னை வாசற்படிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. (திருட்டு என்று காதில் விழுந்தால் வாட்ச்மேன் வழியை மறித்துத்தான் நிற்பான். யாரைப் பிடிக்க என்று எனக்கே தெரியாது.) பையனும் அந்த நேரம் எழுந்து, மழை விட்டதா என்று பார்க்க வாசலுக்கு வந்தார். எனக்கு முதுகைக் காட்டி, உள்ளே பார்த்துத் திரும்பி நின்றார்.

மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது. அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தட்டிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து மேலே எறிந்து, “பிரவீன், கேட்ச்!” என்று கத்தினார்.

பிடித்துவிட்டேன்.

ஆரஞ்சை இல்லை.

யோசிக்கவே இல்லை. யோசித்தால் திருடன் ஓடிவிடுவான். கக்கத்துக்குள் கை போயிற்று, பிடரியில் பூட்டு விழுந்தது. ஆரஞ்சு அவர் மார்பில் பட்டுத் தெறித்துக் காப்பித் தட்டில் விழுந்தது. காப்பி கேசரியில் விழுந்தது. கேசரி பையனின் அம்மாவின் பட்டுச் சேலையில் விழுந்தது. பையனின் கை இரண்டும் மேலே நின்றன. நான் மாமாவைப் பார்த்து, பழக்க தோஷத்தில், நெஞ்சை நிமிர்த்தி அறிக்கை கொடுத்தேன்.

“கேட்ச் சார்!”

பலாமரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“அங்கிள், கழுத்து…” என்றார் பையன்.

“அப்பா! விடுங்கப்பா!” என்று ஜெசி ஓடி வந்து என் விரல்களைப் பிரித்தாள்.

விட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். பேசாதவன் பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை.

“எம் புள்ள திருடி இல்லீங்க. புடிக்கலைன்னா நேரா எங்கிட்டச் சொல்லிப்போட்டுப் போங்க. மரத்தடியில நின்னு ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். தங்கம் புடிக்கற வேலையெல்லாம் ஊட்டியோட வெச்சுக்கங்க.”

“ஊட்டியா?” என்றார் மாமா.

“என்ன தங்கம்?” என்றார் பையனின் அம்மா. அவர் முகம் மாறிவிட்டது. சேலையிலிருந்து கேசரியை வழித்துத் தட்டில் போட்டார். எழுந்தார். “நாங்க எதுவும் கேக்கலையே. சரிங்க. வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டியதில்லை.

பையன் ஜெசியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து போனார். ஒரு தும்மல் தும்மினார். மாமா காரை ஸ்டார்ட் செய்தார். ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்கும் பட்டது. எது என்றுதான் தெரியவில்லை. வாயால் சொல்லத் தெரியாததால் ஓடிப்போய் ஆணியிலிருந்து மிளகுப் பையை எடுத்து வந்து காரின் பின் சீட்டில் வைத்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கார் போயிற்று.

ஜெசி அழவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். பேஷண்டைக் கேட்பது மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் சொன்னேன். ரைட்டர் வாழைமரத்தடிக்குப் போய்விட்டார்.

“கேட்ச் எ கோல்டுன்னா சளி புடிக்கும்னு அர்த்தங்கப்பா.”

“சளியா?”

“டிடின்ட் கேட்ச்னா போன்ல சொன்னது காதுல விழலைன்னு.”

“ம்.”

“கேட்ச் யூ லேட்டர்னா அப்பறம் பேசறேன்னு.”

“… குட் கேட்ச்?”

“நல்ல சம்பந்தம், விட்டுடாதேன்னு அர்த்தம். என்னை நல்ல பொண்ணுன்னு சொல்லியிருக்காருப்பா. மாமா சரின்னு சொல்லிட்டாரு. அப்பத்தான் நீங்க எந்திரிச்சீங்க.”

காது சூடாகவில்லை. உடம்பே குளிர்ந்துவிட்டது. மகள் கேட்ட ஒரே ஒரு ‘சரி’ இந்த வீட்டுக்குள்ளேயே வந்திருக்கிறது. நான்தான் அதன் கழுத்தைப் பூட்டியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் அடுக்களையில் லூர்து போட்ட சத்தம் பக்கத்து ஊர் செம்மநத்தம் வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஏனுங்க! ஆணியில இருந்த மொளகுப் பை எங்கீங்க?”

“குடுத்தாச்சு.”

“ஆருக்கு?”

“அவங்களுக்கு.”

லூர்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். “சங்கிலிய அதுலதானுங்க போட்டு வெச்சேன்.”

ஜெசி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. “ரைட்டரே, வண்டிய எடுங்க” என்றேன்.

ரைட்டரின் மொபெட் மேட்டில் ஏறாது. நான் இறங்கித் தள்ளுவேன், பிறகு ஓடி ஏறுவேன். வழி நெடுகப் பனி. போய் என்ன சொல்வது? தங்கம் பிடிக்க வந்தவர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியாயிற்று. இப்போது பின்னாலேயே போய், எங்கள் தங்கம் உங்களிடம் இருக்கிறது, கொடுங்கள் என்று கேட்க வேண்டும். திருடனை விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படிப் பயந்ததே இல்லை. அவர்கள் மலை இறங்கியிருக்கக் கூடாதே என்று ஒரு பக்கம் ஜெபம். இறங்கிப் போயிருந்தால் தேவலையே என்று இன்னொரு பக்கம்.

“நாஞ் சொன்ன அர்த்தம் முழுசாத் தப்புன்னு சொல்ல முடியாதுங்க. தங்கம் அவங்ககிட்டத்தான போயிருக்குது?” என்றார் முன்னாலிருந்து ரைட்டர்.

மலை இறங்குகிற வழியில், ஒண்டிக்கடை என்கிற இடத்தில், ஒரு டீக்கடை வாசலில் அந்தக் கார் நின்றது. பையனுக்குச் சளி பிடித்துவிட்டது. தும்மித் தும்மி மூக்கு ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது. அவருக்கு மிளகு தட்டிப் போட்டுப் பால் கொடுக்கலாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அவருடைய அம்மா நான் கொடுத்த மஞ்சள் பையைப் பிரித்திருக்கிறார். நான் போய் இறங்கும்போது, மிளகு ஒட்டிய எங்கள் சங்கிலி அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம். ஆனால் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை.

“என்னங்க இது? நாங்க வேண்டாம்னு சொன்னா மிளகுல ஒளிச்சு வெச்சு வரதட்சணை குடுப்பீங்களா? எங்களப் பத்தி என்ன நெனச்சீங்க?”

மாமா காரை ஒட்டி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் பையனை மெல்லத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் என்னைத் தெரியும். நான் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

“அம்மா, நாஞ் சொல்லறதக் கேட்டுப்போட்டு அப்பறம் வைய்யுங்க. எனக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைதானுங்க தெரியும். கேட்ச். திருடனப் புடிச்சா சொல்லறது. நீங்க கோல்டுன்னது சளிங்க. நான் தங்கம்னு நெனச்சுப்போட்டேன். பயந்துக்கிட்டு இவளச் சங்கிலியக் கழட்டி ஒளிக்கச் சொன்னேன். இவ மொளகுல போட்டா. அந்த மொளகு உங்களுக்குன்னு நான் அவகிட்டச் சொல்லலைங்க. நான் எதையுமே சொல்லறதில்லீங்க. எம் புள்ள நொம்ப நல்ல புள்ள. அதுக்கு இந்த அப்பன் வாச்சதுதானுங்க குறை. எம்மேல இருக்கற கோவத்த அதும்மேல காட்டிப்போடாதீங்க.”

(‘இவ’, ‘இவள’ என்று நான் கை காட்டிய இடத்தில் ரைட்டர் நின்றிருந்தார். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.)

அப்போது பையன் தும்மினார். மாமா அவருடைய மூக்கைப் பார்த்தார். தங்கை விரலில் தொங்குகிற சங்கிலியைப் பார்த்தார். மறுபடி மூக்கைப் பார்த்தார்.

“கோல்டு” என்று மூக்கைக் காட்டினார். “கோல்டு” என்று சங்கிலியைக் காட்டினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கார் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பையன் சிரிப்பும் தும்மலுமாகச் சாய்ந்தார். டீக்கடையே சிரித்தது. விஷயம் தெரியாதவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பையனின் அம்மா சிரிக்கவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சங்கிலியில் ஒட்டியிருந்த மிளகை ஒவ்வொன்றாக உதறினார். முந்தானையால் துடைத்தார். என் கையைப் பிடித்து அதில் வைத்து மூடினார்.

“இது எங்களுக்கு வேண்டாங்க. எங்களுக்கு உங்க பொண்ணைத்தான் பிடிச்சிருக்கு” என்றார்.

இவ்வளவு பெரிய மனசுக்குச் சும்மா ‘ம்’ என்று சொல்லக் கூடாது. மாமாவுக்கும் புரிகிற மாதிரி மரியாதையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களுக்கும் உங்கள் பையனைப் பிடித்திருக்கிறது. நிமிர்ந்து நின்று இங்கிலீஷில் சொன்னேன்.

“ஐ கேட்ச் யுவர் பாய்.”

“அதான் பாத்தமேங்க” என்றார் அந்த அம்மா. “கழுத்துல இன்னும் செவப்பா இருக்கு.”

அப்போதுதான் அவர் சிரித்தார்.

கல்யாணம் எங்கள் சர்ச்சிலேயே நடந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பீடம் வரைக்கும் நடந்தேன். மாப்பிள்ளை நின்றிருந்தார். முன்வரிசையிலிருந்து மாமா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “சவரி, டோன்ட் கேட்ச்” என்றார். ஃபாதர் என்ன என்று திரும்பிப் பார்த்தார். இப்போதும் பெங்களூருக்கு மிளகு கொடுத்தனுப்பினால் சம்பந்தியம்மா பையைப் பிரிப்பதற்கு முன்னால் போன் பண்ணி, “உள்ள வேற ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டுக்கொள்கிறார். மாப்பிள்ளை ஊருக்கு வந்தால் வாசலில் நின்று கை இரண்டையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ரைட்டர் மட்டும் இன்னும் தன் அர்த்தத்தை விடவில்லை.

எனக்குப் பேத்தி பிறந்து இப்போது நடக்கிறாள். போன வாரம் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அவளை முற்றத்தில் நிறுத்தி, ஒரு ஆரஞ்சை மெதுவாக அவள் பக்கம் போட்டு, “கேட்ச், கண்ணு!” என்றார்.

ஆரஞ்சு உருண்டு அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தத்தித் தத்தி ஓடி வந்து, சத்தமில்லாமல் பின்னாலிருந்து என் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

“ஏனுங்க, இதுக்கு ஆரும் சொல்லிக்குடுக்கலீங்களே” என்றாள் லூர்து.

மேனேஜர் அங்கே இருந்திருந்தால் அவள் முதுகில் தட்டியிருப்பார்.